எங்கிருந்து எண்ணத் தொடங்குவது?
வீடியோவும் இடிபாடும் நமது சாட்சியமும்

1

‘வீடியோ இருக்கா?’

எங்கே எது நடந்தாலும் இன்று முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். போலீஸ் கேட்கிறது. பத்திரிகைக்காரர் கேட்கிறார். வக்கீல் கேட்கிறார். நம் தோழர்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இருந்தால் வழக்கு. இல்லாவிட்டால் ‘நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவங்க ஒண்ணு சொல்றாங்க’ என்று கணக்கு முடிந்துபோகும். அடி உதைக்கு மட்டுமல்ல, இடிந்து விழுந்த சுவருக்கும் வீட்டுக்கும்கூட இப்போது இதே கேள்விதான்.

வீடியோ வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தில் 17 பேர் தாமிரபரணியில் செத்தார்கள். பயந்து ஓடி ஆற்றில் விழுந்து மூழ்கினார்கள் என்று அதிகாரத் தரப்பு சொன்னது. தண்ணீருக்குள் இறங்கினவர்களையும் விடாமல் போலீஸ் அடித்தது படத்தில் இருந்தது. ஆர்.ஆர்.சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியது. அந்தப் படம் இல்லாமல் போயிருந்தால் ‘தானாக மூழ்கியவர்கள்’ என்ற கதைதான் மிஞ்சியிருக்கும். ஆகவே கேமரா நமக்கும் ஆயுதம்தான்.

ஆனால் கேமராவும் ஒரு பிரதியைத்தான் தருகிறது. எந்தப் பிரதிக்கும் ஒரு தொடக்கம் உண்டு, அந்தத் தொடக்கத்தை யாரோ வைக்கிறார்கள். ஒரு கட்டடம் விழுந்த வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்து எண்ணி ‘இப்படித்தான் விழுந்தது’ என்று சொல்லும் ஆய்வுமுறை உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. அந்த முறையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும். அதோடு, எந்த ஃப்ரேமைப் பூச்சியம் என்று வைத்து எண்ணுகிறார்கள் என்ற கேள்வியையும் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வி பற்றியது.

2

முறை ஒன்றும் மந்திரமில்லை. நம் நாட்டுப் பழைய டிவி, வீடியோ கேசட் கணக்கில் நொடிக்கு 25 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.04 நொடி. படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளை, ஒரு மாடியின் உயரத்தையோ ஒரு சன்னலையோ, அளவுகோலாக வைத்துக்கொண்டு கூரையின் விளிம்பு ஒவ்வொரு ஃப்ரேமிலும் எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொண்டே போனால் வேகம் கிடைக்கும். அந்த வேகம், கையிலிருந்து நழுவிய கல் விழும் வேகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போனால் அந்தக் கணத்தில் கீழே அதைத் தாங்க எதுவுமில்லை என்று பொருள். பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும்.

இதற்கு உலகப் பிரசித்தமான உதாரணம் நியூயார்க்கின் ‘ஏழாம் எண்’ கட்டடம். 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு, விமானம் எதுவும் மோதாத இந்த 47 மாடிக் கட்டடம் மாலை 5.20க்கு விழுந்தது. அமெரிக்க அரசின் நிஸ்ட் என்ற தொழில்நுட்ப நிறுவனம் 2008 ஆகஸ்டில் வெளியிட்ட வரைவு அறிக்கை, மேல் 18 மாடிகள் இறங்க 5.4 நொடி ஆனது, தடையின்றி விழுந்திருந்தால் 3.9 நொடிதான் ஆகும், ஆகவே தடை இருந்தது என்றது. டேவிட் சாண்ட்லர் என்ற பள்ளிக்கூட இயற்பியல் வாத்தியார் அதே வீடியோவை எண்ணிப் பார்த்துவிட்டு, நடுவில் இரண்டு நொடிக்கு மேல் எந்தத் தடையும் இல்லாமல்தான் விழுந்தது என்று அவர்களிடமே கேட்டார். நவம்பரில் வந்த இறுதி அறிக்கை 2.25 நொடி தடையற்ற வீழ்ச்சி என்று ஒப்புக்கொண்டது. அரசு நிறுவனத்தின் அறிக்கையை ஒரு வாத்தியாரின் எண்ணிக்கை திருத்த வைத்தது. இதை நாம் கொண்டாடலாம்.

ஆனால் சாண்ட்லரும் அவரைப் போன்றவர்களும் அங்கே நிற்கவில்லை. தடையில்லை, ஆகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்று தாண்டினார்கள். தாங்குவதற்கு எதுவுமில்லை என்பதை ஃப்ரேம் சொல்லும். தாங்கியதை எடுத்தது தீயா, துருவா, வெடியா என்று ஃப்ரேம் சொல்லாது. பல மணி நேரம் எரிந்த தீயில் உத்தரங்கள் விரிந்து, 79ஆம் எண் தூண் பிடிமானம் இழந்து, உள்ளே முதலில் சரிந்து, பிறகு வெளிக்கூடு விழுந்தது என்பது நிஸ்ட்டின் விளக்கம்.

இதைவிட முக்கியம் வேறொன்று. அந்தக் கட்டடத்தின் உச்சியில் கிழக்குப் பக்கம் இருந்த கூண்டுக் கட்டுமானம், முன்பக்கச் சுவர் அசைவதற்கு ஏறக்குறைய 7 நொடி முன்பே உள்ளே அமிழ்ந்துவிட்டது. முழு வீடியோவில் இது தெரிகிறது. இந்த 7 நொடியை வெட்டிவிட்டுப் பார்த்தால் கட்டடம் திடீரென்று ஒரே மூச்சில் விழுந்ததாகத் தோன்றும். வெட்டாமல் பார்த்தால் உள்ளுக்குள் ஏற்கனவே நொறுங்கிக்கொண்டிருந்த ஒன்று கடைசியில் வெளியே தெரிந்தது என்று புரியும். வெட்டிய வீடியோவில் ஒரு ஃப்ரேம்கூடப் பொய் இல்லை. தொடக்கம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

3

நம் நாட்டில் வீடியோவை வைத்து ஒரு கட்டடத்தின் வீழ்ச்சியை விசாரித்த மிகப் பெரிய வழக்கு பாபர் மசூதி வழக்கு. 1992 டிசம்பர் 6. அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாள். நாம் கறுப்பு நாளாகவும் கண்ணீர் நாளாகவும் வைத்திருந்த அந்தத் தேதியின்மேல் இன்னொரு இடிபாட்டைக் கொண்டுவந்து போட்டார்கள். பட்டப்பகலில், கேமராக்களுக்கு முன்னால், மூன்று கும்மட்டங்களும் அன்று மாலைக்குள் விழுந்தன.

இங்கே கட்டடம் எப்படி விழுந்தது என்பதில் சந்தேகம் இல்லை. திட்டமிட்டதா, கூட்டம் தன்னெழுச்சியாகச் செய்ததா என்பதுதான் கேள்வி. 28 ஆண்டுகள் கழித்து, 2020 செப்டம்பர் 30 அன்று லக்னோ சிறப்பு நீதிமன்றம் உயிரோடிருந்த 32 பேரையும் விடுவித்தது. முன்கூட்டிய சதி இல்லை என்றது. வீடியோ கேசட்டுகள் முறைப்படி சீல் வைக்கப்படவில்லை, பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை, ஆகவே நம்ப முடியாது என்றது. 2019 நவம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதே இடிப்பைச் சட்டத்தின் ஆட்சிக்கு எதிரான கொடிய மீறல் என்று சொல்லியிருந்ததும் இந்த முடிவை மாற்றவில்லை.

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, உலகமே பார்த்த காட்சியும் கோர்ட்டுக்குள் நுழைய ஒரு வாசல் உண்டு; அந்த வாசலில் கேசட் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று கேட்பார்கள். இரண்டு, 6ஆம் தேதி ஃப்ரேமிலிருந்து எண்ணினால் ‘ஆவேசக் கூட்டம்’தான் தெரியும். முந்தின நாள், 5ஆம் தேதி, கயிறு கட்டி மேட்டை இழுத்துப் பழகிய ஒத்திகையைப் பிரவீண் ஜெயின் என்ற புகைப்படக்காரர் எடுத்து வைத்திருந்தார். கோர்ட்டிலும் சாட்சி சொன்னார். அவருடைய படத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் ‘தன்னெழுச்சி’ என்ற சொல் நிற்காது.

தமிழ் படித்தவன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ‘இடிந்தது’ தன்வினை, ‘இடித்தது’ பிறவினை. நடுவில் இருப்பது ஒரு மெல்லின ஒற்று, ஒரு வல்லின ஒற்று, அவ்வளவுதான். அந்த ஒற்றுக்குள்தான் குற்றவாளி இருக்கிறான். ‘இடிந்தது’ என்று எழுதிவிட்டால் எழுவாயாகச் சுவரே வந்து நின்றுகொள்ளும், காரணமாக மழை வரும். மேட்டுப்பாளையத்தில் அதுதான் நடந்தது.

4

2019 டிசம்பர் 2. விடிவதற்கு முன். கனமழை. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் நடூரில் அருந்ததியர் குடியிருப்பின் ஓட்டு வீடுகள்மேல், பக்கத்துப் பங்களாவின் ஏறக்குறைய 20 அடி உயரச் சுற்றுச்சுவர் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். குழந்தைகளும் பெண்களும் அதில் உண்டு. அது தீண்டாமைச் சுவர், ஆபத்து என்று முன்பே சொல்லி வந்தோம் என்றார்கள் குடியிருப்பு மக்கள். மழையால் விழுந்த சுவர், உரிமையாளரின் அலட்சியம் என்றது அதிகாரத்தின் மொழி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடு என்று கேட்டு நின்றவர்கள்மேல் தடியடி நடந்தது, கைதும் நடந்தது.

இருட்டில் தூங்குகிற சேரியை நோக்கி யாரும் கேமரா வைப்பதில்லை. 20 அடி உயரத்திலிருந்து நழுவும் ஒரு கல் தரையைத் தொட 1.1 நொடி ஆகும். 25 ஃப்ரேம் கணக்கில் 28 ஃப்ரேம். சுவர் சாய்ந்து விழுவதால் இன்னும் கொஞ்சம் கூடலாம். ஒருவேளை ஒரு கேமரா இருந்து அந்த முப்பது நாற்பது ஃப்ரேம் நம் கையில் கிடைத்திருந்தால் அது என்ன சொல்லியிருக்கும்? மழை பெய்தது என்று சொல்லியிருக்கும். சுவர் அடியில் நகர்ந்ததா, நடுவில் முறிந்ததா என்று சொல்லியிருக்கும். சேரிப் பக்கம்தான் சாய்ந்தது என்று சொல்லியிருக்கும். அதற்கு மேல் சொல்லாது. அந்தச் சுவர் அங்கே அவ்வளவு உயரத்துக்கு ஏன் நின்றது என்று எந்த ஃப்ரேமும் சொல்லாது.

‘சாதி வேற, இன்ஜினியரிங் வேற’ என்று நம் நண்பர்களே சிலர் சொல்கிறார்கள். அலட்சியத்துக்குச் சாதி கிடையாதாம். சரி, இன்ஜினியரிங்கையே பார்ப்போம். ஒரு சுவருக்குப் பின்னால் தண்ணீரோ நீரூறிய மண்ணோ தலை மட்டத்துக்குத் தேங்கி நின்றால் அது தள்ளும் மொத்த விசை, உயரம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். சுவரை அடியோடு புரட்டும் திறன் எட்டு மடங்காகும். 10 அடிச் சுவர் சாய்ந்தால் அதன் உச்சி 10 அடி தூரத்தில் விழும். 20 அடிச் சுவரின் உச்சி 20 அடி தூரம் வந்து விழும். திருடனைத் தடுக்க, மாட்டைத் தடுக்க ஆறேழு அடி போதும். அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு அடியும் பார்வையைத் தடுக்க ஏறுகிறது: சேரி கண்ணில் படக்கூடாது, சேரிச் சத்தம் காதில் விழக்கூடாது. அப்படி ஏறிய அடிகள்தான் புரட்டும் விசையை எட்டு மடங்காக்குகின்றன. அப்படி ஏறிய அடிகள்தான் உச்சிக் கல்லைத் தூங்குகிறவர்களின் தலைவரை கொண்டுவருகின்றன. கணக்கு நோட்டிலேயே சாதி இருக்கிறது. அதைத் தனியாகப் பிரித்தெடுத்துவிட்டு ‘அலட்சியம்’ என்று பெயர் வைக்க முடியாது.

உத்தப்புரத்தில் சுவர் பல ஆண்டு நின்றது. 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதியை அரசே இடித்தது. அன்று போலீஸ் இருந்தது, கேமராக்களும் இருந்தன. சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் செத்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த கூலிகள் அதில் பலர். மின்னல் தாக்கியிருக்கலாம் என்றது கட்டியவர் தரப்பு. பக்கத்திலேயே நின்ற இரண்டாவது கோபுரத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தபோது நாடே டிவியில் பார்த்தது. ஆள் இல்லாத கட்டடம் விழும்போது எத்தனையோ கேமரா நின்றது. ஆளோடு விழுந்தபோது? நாள் குறித்து நேரம் குறித்து இடிப்பவர்களுக்குத்தான் கேமரா காத்திருக்கும். ஆகவே வீடியோவை மட்டுமே சாட்சி என்று வைத்துக்கொண்டால், முன்கூட்டி நாள் தெரிந்தவர்களின் இடிபாடுகள் மட்டும்தான் வரலாற்றில் ஏறும்.

5

நான் இதை எழுதுவது விழுப்புரம் செஞ்சி ரோட்டுப் பக்கம் மண்டகப்பட்டிலிருந்து. இங்கே ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இதை உண்டாக்கினான் என்று அங்கே சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் இதை வியந்து வியந்து பாடம் நடத்தினார்கள். கல்வெட்டு பொய் சொல்லவில்லை. போய்ப் பாருங்கள், செங்கல்லும் இல்லை, மரமும் இல்லை. என்னென்ன இல்லை என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்ன கல்வெட்டு, யார் உளி பிடித்தார்கள் என்பதை எண்ணவில்லை. பொய் சொல்லாமலேயே ஆட்களை இல்லாமல் ஆக்கலாம் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஃப்ரேம் கணக்கையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துக் காலனி ஒன்றில் ஒரு தொகுப்பு வீட்டின் கூரை உள்பக்கம் பெயர்ந்து விழுந்தது. ஓர் ஆயாவுக்குத் தோளில் அடி. மனு எழுதிக்கொண்டு நானும் கூடப் போனேன். மனுவை வாங்கிப் புரட்டின அதிகாரி கேட்டார்: ‘விழுறப்ப எடுத்த வீடியோ ஏதாச்சும் இருக்கா? சும்மா ஆளாளுக்கு நீங்களே இடிச்சிட்டு வந்து வீடு கேக்கறீங்க.’

‘உழும்போது நா அடியில படுத்துங்கெடந்தன் சார்’ என்றது ஆயா. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அது என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: ‘மொதல்ல சுண்ணாம்பு உதுந்துது தம்பி. அப்பறம் கம்பி போற வழியே நெடுக்க வெடிப்பு உட்டுது. மழ வந்தா அந்த வெடிப்புல செவப்பா தண்ணி எறங்கும், ரத்தம் மாதிரி. கம்பி துருபுடிச்சி ஊதிப்போச்சி. பொங்கலுக்கு வெள்ளயடிக்க ஏணி வெச்சித் தட்டுனா டொப்பு டொப்புன்னு சத்தம், உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி. அப்பவே கட்டில இந்தாண்ட இஸ்துப் போட்டன். இல்லன்னா தலையில உழுந்திருக்கும். எம்மாம் பேர்கிட்ட சொல்லியாச்சி.’

கட்டடப் பொறியியல் படித்த தோழர் ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். இரும்பு துருவானால் அதன் கனஅளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கும், அது உள்ளிருந்து கான்கிரீட்டைத் தள்ளும், வெடிப்பு கம்பியின் வழியாகவே நீளமாக ஓடும், மேல்மூடி கம்பியிலிருந்து பிரிந்துவிடும், பிரிந்த இடத்தைச் சுத்தியலால் தட்டினால் வெற்றுச் சத்தம் வரும், நாங்களும் அப்படித் தட்டித்தான் பார்ப்போம் என்றார். ஆயா சொன்ன வரிசையில் ஒன்றுகூட முன்பின் மாறவில்லை.

யோசித்துப் பாருங்கள். சுண்ணாம்பு உதிர்ந்தது, வெடித்தது, சிவப்புத் தண்ணீர் இறங்கியது, கம்பி ஊதியது, சத்தம் மாறியது, விழுந்தது. இது ஆறு ஃப்ரேம். ஒவ்வொன்றுக்கும் இடையில் 0.04 நொடி அல்ல, ஒரு மழைக்காலம், ஒரு பொங்கல். கட்டடம் எப்படி விழுந்தது என்பதற்கு இதைவிட முழுமையான பதிவு எந்தக் கேமராவிலும் கிடையாது. ஏனென்றால் எந்தக் கேமராவும் அந்தக் கூரைக்கு அடியில் பத்து வருஷம் படுத்துக் கிடக்கவில்லை. அதிகாரி கேட்ட வீடியோவில் இருந்திருக்கக் கூடியது கடைசி ஃப்ரேம் மட்டும்தான். அந்தக் கடைசி ஃப்ரேமை மட்டும் கேட்பது, மீதி ஐந்தையும் கேட்காமல் இருப்பதற்கான வழி.

தலித் சாட்சியம் உணர்ச்சி, வீடியோ அறிவியல் என்று இலக்கியக் கூட்டங்களிலும் பிரித்துப் பேசுகிறார்கள். தன்வரலாறுகளைப் பற்றிப் பேசும்போது ‘வலி’, ‘கண்ணீர்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நம் சாட்சியத்தில் வலி இருக்கிறது. கூடவே கவனிப்பு இருக்கிறது, அளவு இருக்கிறது, காரண காரிய வரிசை இருக்கிறது. அதை அறிவு என்று ஏற்க மறுப்பது விமர்சனத்தின் குறைபாடு, சாட்சியத்தின் குறைபாடு அல்ல.

6

அப்படியானால் என்ன செய்யலாம்? ஆயாவின் வரிசையையும் கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். சாட்சியத்தை முன்னால் வைத்து, அதற்குத் துணையாக ஃப்ரேமை வைக்க வேண்டும். விழுந்த பிறகு அல்ல, விழுவதற்கு முன்பே.

நம் காலனிகளை ஒட்டி நிற்கும் ஒவ்வொரு உயரச் சுவரையும், காரை பெயரும் ஒவ்வொரு தொகுப்பு வீட்டையும் இளைஞர்கள் இன்றே போனில் எடுக்கட்டும். வெடிப்பின் பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ தீப்பெட்டியையோ வைத்து எடுங்கள், அளவு தெரியும். ஒவ்வொரு மழைக்கும் பிறகு அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் எடுங்கள். சுவரின் உயரத்தையும், சுவரிலிருந்து வீடு எத்தனை அடியில் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். உயரத்தைவிடத் தூரம் குறைவாக இருந்தால் அந்த வீடு சுவரின் பாதையில் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரியவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே, தேதி போட்டு எழுதுங்கள். மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் வராதீர்கள். மனு ரசீதும் ஒரு ஃப்ரேம்தான்.

எடுத்த வீடியோவை வெட்டாதீர்கள், பாட்டுப் போட்டு இணைக்காதீர்கள். மூலக் கோப்பை அப்படியே பத்திரப்படுத்துங்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு வந்திருக்கிறது. கோப்பின் ஹாஷ் எண்ணும் சான்றிதழில் கேட்கப்படுகிறது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். லக்னோவில் கேசட்டுக்கு நேர்ந்தது நம் கோப்புக்கு நேரக்கூடாது. வன்கொடுமைச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. 2016 ஜனவரி முதல் அமலில் உள்ள பிரிவு அது. நம்மிடம் ‘வீடியோ இருக்கா’ என்று கேட்கிறவர்களிடம், நீங்கள் எடுக்க வேண்டிய வீடியோவை எடுத்தீர்களா என்று நாமும் கேட்கலாம்.

நாளை எங்கோ ஒரு சுவர் விழும். விழுந்த மறுநாள் காலை அதிகாரிகள் வருவார்கள், மழையிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். அவர்கள் முதல் எண்ணைச் சொல்லும் முன், சுவருக்கு முதல் கல் வைத்த நாளிலிருந்து எண்ணி வைத்திருக்கும் ஒரு நோட்டு நம் கையில் இருக்க வேண்டும்.